ஈவுத்தொகையும் இலாபப்பங்கும்: கலைக்களஞ்சியத் தலைச்சொல் ஒன்றின் சிக்கல்

டிவிடெண்ட் என்னும் ஆங்கிலச் சொல் ‘பகுக்கப்பட வேண்டியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. கணக்கில் அது வகுபடும் எண். நிறுமச் சட்டத்தில் பங்குதாரர் பெறும் பகிர்வு. நொடிப்புச் சட்டத்தில் கடன் கொடுத்தோர்க்குக் கிடைக்கும் விகிதத் தொகை. 1910-11இல் வெளிவந்த பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் பதினோராம் பதிப்பு பின்னிரு பொருள்களையும் ஒரே தலைச்சொல்லின்கீழ் அடக்கியது. பகிர்வு வேறு, வட்டி வேறு என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்தியது. தமிழில் தலைப்பிடுவோர்க்கு இவ்வசதி இல்லை.

இந்தியில் லாபாம்ஷ், மலையாளத்தில் லாபவிஹிதம் என இலாபத்தை முன்னிறுத்தும் சொற்களே வழங்குகின்றன. இலங்கைத் தமிழின் பங்கிலாபமும், தமிழகத்தில் வழங்கும் இலாபப்பங்கும் இவ்வகையினவே. எனினும் இலாபம் என்னும் கூறு எல்லா இடத்தும் பொருந்துவதன்று. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்கக் காலத்தில் கடற்பயணம் முடிந்ததும் முதலும் ஊதியமும் சேர்த்தே பகிரப்பட்டன. 1657இல் நிலைமுதல் அமைந்த பின்னரே முதலைத் தொடாது இலாபத்தை மட்டும் பகிர்தல் வேரூன்றியது. நொடித்தவன் சொத்தினின்று கிடைப்பதை இலாபப்பங்கு என்பதோ நகைப்பிற்கிடமாகும். பங்கிலாபம், பங்கை விற்றுப் பெறும் ஆதாயம் எனவும் மயங்க இடந்தரும்.

தமிழகத்தில் பரவலாக வழங்கும் ஈவுத்தொகை இம்மயக்கங்களினின்று தப்புகிறது. ‘ஈ’ என்னும் வினையடி கொடுத்தலைச் சுட்டும். நிறுமம் அறிவிக்கும் வரை பங்குதாரர்க்கு இதில் உரிமைக் கோரிக்கை இல்லை. அந்த அளவில் ‘ஈவு’ பொருத்தமே. ஆயின் அறிவித்தபின் அது நிறுமம் செலுத்த வேண்டிய கடனாகிவிடுகிறது. கொடைப்பொருள் அங்கே மறைகிறது. ‘தொகை’யும் முற்றும் பொருந்துவதன்று: 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் தன் முதற் பகிர்வை நாணயமாக அன்றிச் சாதிபத்திரியாகவே அளித்தது.

இனி, பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு வேறு. ஈவுத்தொகை எனில் கட்டுரை அகரவரிசையின் முற்பகுதியில் அமையும். பங்காதாயம் எனில் வெகு பின்னே செல்லும். பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இத்தகைய நெடும்பணியில், பின்னர் எழுதப்படவுள்ள கட்டுரையின் பெயரை முன்தொகுதியின் ‘பார்க்க’ குறிப்பிலேயே உறுதிசெய்தாக வேண்டும்.

எண்கணிதத்தில் ஈவு என்பது வகுபடும் எண்ணன்று. வகுத்துக் கிடைக்கும் விடை. ஆங்கிலச் சொல் பகுக்கப்படுவதைச் சுட்ட, தமிழ்ச்சொல் பகுத்தபின் ஒருவன் கைக்கு வருவதைச் சுட்டுகிறது. பங்குதாரர் பெறுவதும் அதுவேயாதலின், இவ்விடத்தில் தமிழே துல்லியமானது. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது, ஆங்கிலக் கணக்குநூலின் டிவிடெண்டை ஈவு என எழுதிவிடாமையே.