சாம்பியனைக் காணவில்லை!

ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள்.

திருவண்ணாமலை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர் வாழும் ஊர். பௌர்ணமிக்கு வந்து கிரிவலம் போகிற கூட்டத்தை இதில் சேர்க்கவில்லை. அந்த ஊருக்கென்று ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கிறது. உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்று செலவு செய்து நடத்தும் கிளப். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து பயர்ன் முனிச் டீம் வந்து, நம் திருவண்ணாமலைப் பையன்களிடம் 3-1 என்று உதை வாங்கிக்கொண்டு போகிறது!

சிரிக்காதீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் இது அப்படியே நடந்த கதை.

பெலாரஸ் என்று ஒரு தேசம். ரஷ்யாவுக்குப் பக்கத்தில், ஒருகாலத்தில் சோவியத் யூனியனுக்குள் இருந்தது. அங்கே போரிசோவ் என்று ஓர் ஊர். ஜனத்தொகை கிட்டத்தட்ட நம் திருவண்ணாமலை அளவுதான். டிராக்டருக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் எலெக்ட்ரிக் சாமான் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலை அங்கே உண்டு. 1973-ல் அந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே ஒரு டீம் ஆரம்பித்தார்கள். 'பாட்டே' என்பது அந்தக் கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான்.

அந்த டீம் நடுவில் ஒருமுறை செத்தும் போனது. எண்பதுகளில் கலைத்துவிட்டார்கள். 1996-ல் அனடோலி கப்ஸ்கி என்கிற மனிதர் அதைத் தூசி தட்டி எழுப்பினார். தொழிற்சாலைக்கும் அவர்தான் தலைமை, கிளப்புக்கும் அவர்தான். கீழ் டிவிஷனிலிருந்து படிப்படியாக ஏறி, 1999-ல் தேசிய சாம்பியன். அதன் பிறகு 2006 முதல் 2018 வரை தொடர்ந்து 13 வருடம் சாம்பியன்! 2008-ல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குள் நுழைந்த முதல் பெலாரஸ் கிளப். 2012 அக்டோபர் 2-ம் தேதி, தலைநகர் மின்ஸ்க்கில் வைத்து, பயர்ன் முனிச்சை 3-1 என்று கவிழ்த்தது. அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியதே பயர்ன்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வெற்றியின் ருசி புரியும்.

2018 செப்டம்பரில் கப்ஸ்கி இறந்துபோனார். அந்த வருடத்தோடு பட்டங்களும் நின்றன. 2025 வரை ஒரே ஒரு லீக் பட்டம்கூட பாட்டேவுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மனிதர் போனார், மகுடமும் போனது. ஆனால், கிளப் இருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நம் ஊர்க் கதையில் அதுகூட இல்லை.

* * *

சென்னை சிட்டி எஃப்.சி. இந்தப் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அபிஷேக் பச்சனும் தோனியும் சம்பந்தப்பட்ட 'சென்னையின்' வேறு. அது ஐ.எஸ்.எல்.லில் ஆடுகிற டீம். இது ஐ-லீக்கில் ஆடிய டீம்.

1946-ஐத் தன் பிறந்த வருடமாகச் சொல்லிக்கொண்ட பழைய கிளப் இது. பல காலம் சென்னையின் உள்ளூர் லீக்கோடு அதன் உலகம் முடிந்துவிட்டது. 2016 கடைசியில்தான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. தேசிய அளவிலான ஐ-லீக்கில் நேரடி அனுமதி. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இது பெரிய விஷயம். அதற்கு முன் தேசிய லீகில் நம் கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தியன் வங்கி டீம். அதுவும் 2003-04 சீசனோடு இறங்கிவிட்டது. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த நாற்காலி காலி.

முதல் சீசனில் பத்து டீமில் எட்டாவது இடம். இரண்டாவது சீசனிலும் அதே எட்டு. அதற்குள் ஜாகையைச் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றிக்கொண்டார்கள். பெயரில் சென்னை, ஆட்டம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 'இதென்னங்க கூத்து?' என்று கோவைக்காரர்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது சீசனில் ஒரு வைரம் கிடைத்தது. மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரவிபுத்தன்துறை என்கிற மீனவ கிராமத்துப் பையன். கடற்கரை மணலில் பந்து உதைத்துப் பழகிய கால். அந்த சீசனின் சிறந்த நடுக்கள வீரர் விருதை வாங்கினார். உடனே ஐ.எஸ்.எல்.லின் ஜாம்ஷெட்பூர் டீம் கொத்திக்கொண்டு போய்விட்டது. சின்ன கிளப்பின் தலையெழுத்து இது. வளர்த்துக் கொடுக்கலாம், வைத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது சீசன், 2018-19. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்று ஒரு கோச். ஸ்பெயினிலிருந்து, அதுவும் அந்த ஊரின் கீழ் டிவிஷன்களிலிருந்து, நாலு பேர். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. அவர்கள் கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பையன்கள். பேப்பரில் பார்த்தால் யாரும் பயப்படுகிற டீம் இல்லை.

முதல் மேட்ச்சில் இந்தியன் ஏரோஸை 4-1 என்று அடித்தார்கள். மான்ஸி ஹாட்ரிக். சீசன் முடிவதற்குள் மான்ஸியின் கணக்கில் 21 கோல். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று நூற்றாண்டுப் பெருமை பேசும் கொல்கத்தா டீம்களெல்லாம் கீழே நிற்க, உச்சாணிக் கொம்பில் சென்னை சிட்டி.

கடைசி நாள், 2019 மார்ச் 9. சென்னை சிட்டியிடம் 40 பாயிண்ட். ஈஸ்ட் பெங்காலிடம் 39. இரண்டு மேட்ச்சும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும்.

ஆரம்பித்த மூன்றாவது நிமிடமே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! ஸ்டேடியம் கப்சிப். இடைவேளை வரை அதே 0-1. அப்புறம் ஒரு பெனால்டி, மான்ஸி அடித்தார், 1-1. பிறகு வந்தவர்தான் ஹீரோ. கோல் போடுவது வேலையே இல்லாத, கோலைத் தடுப்பது மட்டுமே வேலையான கௌரவ் போரா என்கிற டிஃபென்டர். 69-வது நிமிடத்தில் ஒன்று, கடைசி நேரத்தில் இன்னொன்று. 3-1.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்திருந்தது. அதாவது, கோவையில் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. 43-க்கு 42. ஒரே ஒரு பாயிண்ட்டில் ஐ-லீக் கோப்பை முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அடுத்த மாதம் சூப்பர் கோப்பை. அங்கே சுனில் சேத்ரியின் பெங்களூரு எஃப்.சி.யையே 2-1 என்று தோற்கடித்து அரையிறுதிக்குப் போனார்கள். அதே வருடம் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாஸல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இனி என்ன, ராஜ யோகம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

* * *

இல்லை.

அதே 2019-ல் இந்தியக் கால்பந்தின் மேல்மாடியில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி நாட்டின் முதல்தர லீக் ஐ.எஸ்.எல். மட்டும்தான். ஐ-லீக் இரண்டாம் தரம். ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறும் வாய்ப்பு 2022-23 சீசனிலிருந்துதான். ஐ-லீக் கிளப்கள் கூச்சல் போட்டுப் பார்த்தன, பிரதமருக்கே கடிதம் எழுதின. பலிக்கவில்லை. சென்னை சிட்டியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படாதபாடு பட்டு மாடி ஏறி வந்தால், 'சார், இப்போ இதுதான் கிரவுண்ட் ஃப்ளோர்' என்கிறார்கள்.

ஜெயித்ததற்குப் பரிசாக ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ஆரம்பச் சுற்றில் ஒரு மேட்ச் கிடைத்தது. 2020 ஜனவரி 14, பஹ்ரைனின் ரிஃபா கிளப்போடு. அதைக்கூடக் கோவையில் ஆட முடியவில்லை, 'சொந்த மைதான' ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடினார்கள்! 0-1 தோல்வி. மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியாவோடு 2-2 டிரா. அதோடு கொரோனா வந்து ஆசியப் போட்டியே ரத்து. 2021 ஆரம்பத்தில் கொல்கத்தாவில், காலி மைதானங்களில், ஒரு ஐ-லீக் சீசன். கோவைக்காரர்கள் டி.வி.யில் பார்த்ததோடு சரி.

2021-22 ஐ-லீக்கில் 13 டீம்கள் ஆடின. அந்தப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம் ஆவதற்குள் சாம்பியனைக் காணவில்லை!

இது முதல் தடவையும் இல்லை. இந்தியாவின் முதல் தேசிய லீக் சாம்பியன் யார் தெரியுமா? 1996-97-ல் பஞ்சாப் பக்வாராவின் ஜே.சி.டி. துணி மில் டீம். 2011-ல் இழுத்து மூடிவிட்டார்கள். 2005-06 சாம்பியன் மும்பையின் மஹிந்திரா யுனைடெட். பின்னால் நின்றது எவ்வளவு பெரிய கம்பெனி! 2010-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆக, மூன்று சாம்பியன்கள் மாயம்.

ஏன் இப்படி? ஆட்டம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வழியில் பார்க்கிறேன். வரவு-செலவுக் கணக்கு.

ஐ-லீக் சாம்பியனுக்கு அப்போது பரிசு 1 கோடி ரூபாய். வெளிநாட்டு வீரர்கள், கோச், ஃபிளைட், ஹோட்டல், மைதான வாடகை என்று ஒரு சீசனுக்கு ஆகிற செலவுக்கு முன்னால் அது கொசுறு. டி.வி. பணம் கிடையாது. டிக்கெட் காசு சொற்பம். மிச்சமெல்லாம் முதலாளி பையிலிருந்து. அதாவது, கிளப் என்பது ஒரு நிறுவனம் இல்லை, ஒருவருடைய வருடாந்திரச் செலவு. அந்த ஒருவருக்குக் கை சலித்த அன்று கிளப்பின் ஆயுள் முடிகிறது.

* * *

இந்த வியாதிக்கு நம் முன்னோர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். மறுபடி திருவண்ணாமலைக்கு வாருங்கள்.

அண்ணாமலையார் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்தக் கோயில் என்றில்லை, சோழர் காலத்துக் கோயில் எதிலும் சுவரைப் பார்த்தால் விளக்குக்குக் கொடுத்த தானம் கண்ணில் படும். நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்கு. அதற்கு எவ்வளவு செலவாகும்? ராஜா எண்ணெய்க்காக மாதாமாதம் பணம் அனுப்பவில்லை. ஆடு கொடுத்தார். ஒரு விளக்குக்குப் பல கல்வெட்டுகளில் 90 ஆடு, தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு. இடையர் அந்த ஆடுகளை வாங்கிக்கொள்வார், தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்குக் கொடுப்பார். ஆடு சாகலாம், கிழடாகலாம். குட்டி போடுமே! அதனால் கணக்கில் எப்போதும் அதே எண்ணிக்கை. அந்த மந்தைக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'.

எவ்வளவு அழகான அக்கவுன்டன்சி பாருங்கள். முதலைத் தொடக் கூடாது, விளைச்சலில்தான் விளக்கு எரிய வேண்டும். பொன்னாகக் கொடுத்தாலும் அதே விதிதான். முதல் அப்படியே நிற்கும், 'பொலிசை' என்கிற வட்டியில் செலவு நடக்கும். கொடுத்தவர் மறுநாளே செத்துப்போனாலும் விளக்கு அணையாது. அதே கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்து வைத்தவர் தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர். புரவலர் மாறினார், வேலை நிற்கவில்லை.

கால்பந்திலும் இந்தக் கணக்கு செல்லும் என்பதற்குச் சாட்சி, அந்த ஒரு பாயிண்ட்டில் கோப்பையைக் கோட்டைவிட்ட ஈஸ்ட் பெங்கால்! 1920-ல் பிறந்த கிளப். கிங்ஃபிஷர் வந்தது, போனது. க்வெஸ் வந்தது, போனது. ஸ்ரீ சிமென்ட் வந்தது, போனது. பிறகு இமாமி வந்தது. ஒவ்வொரு முறையும் சண்டை, கோர்ட், வசை. ஆனாலும், கிளப் இருக்கிறது. காரணம், அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சந்தா கட்டி, ஓட்டுப் போட்டு, 'இது என் கிளப்' என்று சண்டைக்கு நிற்கிறவர்கள். அவர்கள்தான் சாவா மூவாப் பேராடு. அப்பா போனால் பிள்ளை வந்து நிற்பான்.

சென்னை சிட்டிக்கு ரசிகர்கள் இருந்தார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கினார்கள், விசிலடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களைச் சந்தாதாரராக ஆக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே, கிளப் போனபோது தடுத்து நிறுத்தும் உரிமை அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

பெரிய லீகுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்கிறீர்களா? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த சீசனையே நிறுத்திவைத்தது. பெங்களூரு எஃப்.சி. போன்ற பணக்கார கிளப்பே வீரர்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தது. மந்தை இல்லாத விளக்கு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

இதில் நஷ்டம் முதலாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அவர் வேறு தொழில் பார்ப்பார். சூசைராஜுக்கும் எட்வினுக்கும் ஏணியாக இருந்தது இந்த கிளப். இன்று கன்னியாகுமரிக் கடற்கரையிலோ வியாசர்பாடித் தெருவிலோ பந்து உதைக்கிற பையனுக்கு அந்த ஏணியில் ஒரு படி குறைந்திருக்கிறது. அவன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரமாட்டான்.

எப்போதாவது உங்கள் ஊருக்கும் ஒரு கிளப் வரலாம். பளபளவென்று ஜெர்ஸி, ஸ்பெயின் வீரர், மேடையில் நடிகர் எல்லாம் இருக்கும். கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'விளக்கு பிரமாதம். ஆடு எங்கேங்க?'