நானெர்லின் நோட்டுப் புத்தகம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் சற்று அவசரமாகவே விடைபெற்றுக்கொண்டு போகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள், "தம்பி, அந்த மோகன வர்ணத்தைப் பாடு, மாமா கேட்கட்டும்" என்று நான் ஆரம்பித்து விடுகிறேன். பையனுக்கு எட்டு வயது. அவன் அக்கா சுருதிப் பெட்டியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கொள்வாள். இரண்டு காலமும் தாளம் தப்பாமல் பாடுவான். பாடி முடித்ததும் நான் வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "பேஷ்!" என்று சொல்லாமல் அந்த மனிதர் எப்படித் தப்புவது?

"உங்களுக்குப் பைத்தியந்தான் பிடித்திருக்கிறது" என்றாள் என் மனைவி ஒருநாள்.

"பெற்றவன் பெருமைப்படாமல் பக்கத்து வீட்டுக்காரனா பெருமைப்படுவான்? இது எனக்கு மட்டும் வந்த பைத்தியம் இல்லை. ஆஸ்திரியா தேசத்தில் 250 வருஷத்துக்கு முன்பே ஒரு தகப்பனாருக்கு இது முற்றிப் போயிருந்தது" என்றேன்.

குழந்தைகளும் வந்து உட்கார்ந்து கொண்டார்கள். கதை சொல்ல ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? சொல்லத் தொடங்கினேன்.

லியோபோல்ட் மொஸார்ட் என்பவர் ஆக்ஸ்பர்க் நகரத்தில் புத்தகம் பைண்டு செய்யும் ஒருவருடைய மகன். சால்ஸ்பர்க் நகரை ஆண்ட மதகுருவின் வாத்திய கோஷ்டியில் பிடில் வாசித்து வந்தார். பிடில் கற்பிப்பதைப் பற்றி 1756-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. அதே வருஷம் ஜனவரி 27-ந் தேதி அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தான். அவன்தான் வுல்ஃப்காங். பிறந்த குழந்தைகள் ஏழு, தங்கியவை இரண்டே. மூத்தவள் மரியா ஆன்னா. வீட்டில் செல்லமாக நானெர்ல் என்று அழைப்பார்கள். தம்பியைவிட நாலரை வயது பெரியவள்.

பெண்ணுக்குப் பியானோவின் மூதாதையான ஹார்ப்சிகார்டு கற்றுக் கொடுப்பதற்காக 1759-இல் லியோபோல்ட் ஒரு நோட்டுப் புத்தகம் தயார் செய்தார். சின்னச் சின்ன உருப்படிகளைப் பார்த்துப் பார்த்து அதில் எழுதினார். அக்காவுக்குப் பாடம் நடக்கும்போது தம்பி அருகில் வந்து நிற்பான். சேர்ந்து ஒலித்தால் இனிமையாக இருக்கும் இரண்டு கட்டைகளைத் தேடித் தேடி அழுத்துவான்; கிடைத்துவிட்டால் குதிப்பான். அப்போது அவனுக்கு வயது மூன்று. சில மாதங்களில் அக்காவின் நோட்டிலிருந்தே அவனுக்கும் பாடம் ஆரம்பமாயிற்று. ஓர் உருப்படிக்குப் பக்கத்தில், 1761 ஜனவரி 26-ந் தேதி, ஐந்து வயது நிறைவதற்கு முதல் நாள், இரவு ஒன்பதரை மணிக்கு, அரைமணி நேரத்தில் வுல்ஃப்காங் இதைக் கற்றுக் கொண்டான் என்று தகப்பனார் குறித்து வைத்தார். அந்த இரவில் அவருக்கு எங்கே தூக்கம் வந்திருக்கப் போகிறது!

மறு வருஷமே குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டு விட்டார். 1762 அக்டோபர் 13-ந் தேதி வியன்னாவில் மகாராணி மரியா தெரேசாவின் முன்னிலையில் வாசிப்பு. பையன் ஒரே தாவாகத் தாவி மகாராணியின் மடியில் ஏறி உட்கார்ந்து முத்தமிட்டதைத் தகப்பனார் ஊருக்குக் கடிதம் எழுதினார். 1763 ஜூனில் கிளம்பிய பெரிய யாத்திரை 1766 நவம்பரில்தான் முடிந்தது. பாரிஸ், லண்டன், ஹேக் என்று ஊர் ஊராக ஏறக்குறைய மூன்றரை வருஷம்! சால்ஸ்பர்க்கில் வீட்டுச் சொந்தக்காரராக இருந்த ஹாகெனவர் என்ற வியாபாரிக்கு வழியெல்லாம் கடிதங்கள். நண்பர்கள் கைமாற்றிப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினார்.

பெருமை ஒரு பக்கம். வியாபாரமும் ஒரு பக்கம். விளம்பரங்களில் குழந்தைகளின் வயதைக் குறைத்துப் போட்டார். கட்டைகளைத் துணியால் மூடி, அதன்மேல் வாசிக்கச் செய்தார். 1765-இல் லண்டனில் ஒரு சத்திரத்தின் கூடத்தில் தினமும் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரையில் அரை கிரவுன் கட்டணத்துக்கு வாசிப்பு. அந்த வருஷமே ஹேக் நகரில் நானெர்ல் கடுமையான ஜுரத்தில் படுத்தாள். பாதிரியார் வந்து அந்திம காலச் சடங்கைக் கூடச் செய்துவிட்டார். அவள் பிழைத்தாள், உடனே தம்பி படுத்தான். இருவரும் எழுந்ததும் மறுபடியும் வண்டி, மறுபடியும் கச்சேரி.

ஆனாலும் அவரைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. எல்லாம் அவரே கற்பித்தார். பிள்ளை வளர வளரத் தாம் இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். 1763-இல் கிடைத்த உதவித் தலைவர் பதவியோடு அவருடைய உத்தியோக உயர்வும் நின்று போயிற்று.

இவ்வளவையும் சொல்லி, "பார்த்தாயா, எப்பேர்ப்பட்ட தகப்பன்!" என்று மனைவியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் பெண்தான் கேட்டாள்:

"அந்த அக்கா என்னப்பா ஆனாள்?"

அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு வயதுதான் ஆகிறது, ஆனாலும் ஐரோப்பாவில் தேர்ந்து வாசிக்கிறவர்களில் என் பெண்ணும் ஒருத்தி என்று 1764-இல் லண்டனிலிருந்து எழுதியவர் இதே லியோபோல்ட்தான். 1769 டிசம்பரில் பிள்ளையை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டபோது அவளையும் தாயாரையும் வீட்டில் விட்டுப் போனார். அவளுக்கு வயது பதினெட்டு. பாடகிகளுக்கு அரண்மனையில் இடம் உண்டு. வாத்திய கோஷ்டிக்குத் தலைமை வகிப்பது பெண்ணுக்கு உண்டா? இத்தாலிக்கு மூன்று யாத்திரைகள். மூன்றிலும் அவள் இல்லை. அவள் தானே ஒரு பாட்டு இயற்றித் தம்பிக்கு அனுப்பினாள். 1770-இல் ரோமாபுரியிலிருந்து தம்பி அதை மனமாரப் புகழ்ந்து, இன்னும் எழுது என்று பதில் போட்டான். அந்தப் பாட்டு இன்று இல்லை. அவள் இயற்றியதில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

1784-இல், இரண்டு மனைவிகளை இழந்து ஐந்து குழந்தைகளோடு இருந்த ஓர் உத்தியோகஸ்தருக்கு வாழ்க்கைப்பட்டு ஸாங்க்ட் கில்கென் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனாள். மறு வருஷம் பிப்ரவரியில் தகப்பனார் வியன்னாவுக்குப் போனார். தமக்குத் தெரிந்த இசை ஆசிரியர்களில் உங்கள் பிள்ளையே தலைசிறந்தவர் என்று, ஹைடன் என்ற மேதை அவரிடமே ஆணையிட்டுச் சொன்னார். ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஆனந்தத்தை அவர் கடிதத்தில் கொட்டினார். யாருக்கு? ஏரிக்கரையில் மாற்றாளின் குழந்தைகளை வளர்த்துக் கொண்டிருந்த நானெர்லுக்கு!

கணவர் காலமான பிறகு அவள் சால்ஸ்பர்க்குக்குத் திரும்பி, பியானோ கற்றுக் கொடுத்து வந்தாள். கடைசியில் கண் பார்வையும் போயிற்று. 1829-இல் எழுபத்தெட்டாம் வயதில் இறந்தாள்.

"பாவம்" என்று சொல்லிவிட்டு என் பெண் சுருதிப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. நாலு வருஷம் பாட்டுக் கற்றுக் கொண்டாள். அவள் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் தம்பிக்குப் பாட்டு வந்தது. போன வருஷம் இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் கட்டுப்படியாகாமல் போனபோது, "அவளுக்குப் படிப்பு இருக்கிறது; இவனுக்குத்தான் ஞானம்" என்று முடிவு செய்தவன் நான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் அவளுக்குச் சுருதிப் பெட்டி.

இரவு எல்லோரும் படுத்த பிறகு அவளுடைய பாட்டு நோட்டை எடுத்துப் புரட்டினேன். சரளி வரிசையிலிருந்து வர்ணம் வரையில் அவள் கையெழுத்து, முத்து முத்தாக. பல பக்கங்களில், ஓரத்தில், என் கையெழுத்தும் இருந்தது. 'தம்பி நாலே நாளில் பாடம்', 'தம்பி ஒரே மூச்சில் பாடினான்' என்று தேதி போட்டுப் பென்சிலால் எழுதியிருந்தேன். அவள் எத்தனை நாளில் பாடம் செய்தாள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

மறுநாள் ஒரு நண்பர் வந்தார். நான் சுருதிப் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு நீ பாடம்மா" என்றேன்.

"எனக்கு மறந்து போச்சுப்பா" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. பாட்டு வாத்தியாரிடம் மட்டும், அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.