உள்ளேன் ஐயா... தலைக்கு நாலு ஷில்லிங்!

75 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டாலே கல்லூரிப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கண்டொனேஷன் கட்டணம், இன்னும் இறங்கினால் பரீட்சையே எழுத முடியாது. மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வந்தால் வராண்டாவில் நிற்க வேண்டியதுதான். கேட்டால் எல்லாம் ஒழுக்கத்துக்காக என்பார்கள். இருக்கலாம். ஆனால் வருகைப் பதிவேட்டை ஓர் அரசாங்கமே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தொடங்கிய கதை ஒன்று உண்டு. அதில் ஒழுக்கம் கொஞ்சம்தான், காசுதான் நிறைய. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும் கதை.

இடம் இங்கிலாந்து. 1833-ல் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கென்று அந்த நாட்டுப் பாராளுமன்றம் ஒதுக்கிய தொகை வெறும் 20,000 பவுண்டு. அடுத்த முப்பது வருடத்தில் அது 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடையில் கிரிமியப் போர் வேறு வந்து கஜானாவைக் காலி செய்திருந்தது. இவ்வளவு பணம் கொடுக்கிறோமே, பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று கேள்வி எழுந்தது. கல்விக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ 1862-ல் ஒரு திருத்திய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார். இந்த முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்கிற பொருளில் அவர் பேசியது பிரசித்தம். இந்த மனிதர் பிற்பாடு நிதியமைச்சர் ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை!

விதி இதுதான். பள்ளியின் ஆண்டுச் சராசரி வருகையில் தலைக்கு 4 ஷில்லிங். அதற்கு மேல், 200 வேளைக்குக் கூடுதலாக வந்த ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 8 ஷில்லிங். அந்த எட்டும் சும்மா வராது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தோற்றால் பூஜ்யம். இதற்கு 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்று பெயர். இன்றைய கம்பெனிகளில் வேரியபிள் பே என்கிறார்களே, ஏறக்குறைய அதேதான். டார்கெட் மட்டும் ஏழு வயதுப் பிள்ளை.

பணம் பள்ளி நிர்வாகத்துக்குத்தான் போனது. வாத்தியார் சம்பளம் நிர்வாகத்தோடு பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். பல இடங்களில் அந்த மானியத்தில் ஒரு பங்குதான் சம்பளம். அப்புறம் என்ன? வகுப்பில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையும் வாத்தியார் கண்ணுக்கு ஷில்லிங்காகவே தெரிந்திருக்கும்.

நேரம் தவறாமைக்கும் இங்கேதான் விலை வந்தது. காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை என்று நாளுக்கு இரண்டு வருகை. பின்னால் வந்த விதிகளின்படி, ஒரு வேளை கணக்கில் ஏற வேண்டுமானால் பிள்ளை குறைந்தது இரண்டு மணி நேரம் மதபோதனை அல்லாத பாடம் படித்திருக்க வேண்டும். ஆகவே பதிவேட்டை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மூடியே தீர வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடுகிறதென்றால் பத்து மணிக்குள் புத்தகம் மூடப்பட்டாக வேண்டும். பத்தே கால் மணிக்கு மழையில் நனைந்து ஓடிவரும் பிள்ளை பெஞ்சில் உட்காரலாம், பாடம் கேட்கலாம், புத்தகத்தில் மட்டும் இல்லை. பதிவு மையால்தான் இருக்க வேண்டும், சுரண்டி அழிக்கக் கூடாது. பேரேட்டில் ஓவர்ரைட்டிங் கூடாது என்று கணக்கியல் வகுப்பில் சொல்வார்கள் இல்லையா, அதே கதை.

தலைமையாசிரியர்கள் பள்ளி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பதும் 1862 விதிதான். சொந்த அபிப்பிராயம் எதையும் எழுதக் கூடாது என்று கண்டிப்பு வேறு. அபிப்பிராயம் இல்லாமலே அவற்றைப் படித்தால் மனசு கனக்கிறது. அறுவடை, பிள்ளைகள் இல்லை. உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள், பிள்ளைகள் இல்லை. மழை, காலில் செருப்பில்லாததால் பிள்ளைகள் இல்லை. பக்கம் பக்கமாக இதேதான்.

குறுக்கு வழிகளும் பிறந்தன. வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடுவது, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக்கூடத் தூக்கிவந்து உட்கார வைப்பது, வாசிப்புப் புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்ய வைப்பது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி தடங்கலில்லாமல் 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். சுத்தமான விண்டோ டிரெஸ்ஸிங்! மேத்யூ ஆர்னால்டு என்ற புகழ்பெற்ற கவிஞர் பள்ளி இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் தந்த அரசாங்கத்தையே எதிர்த்து 1862-ல் கட்டுரை எழுதினார். பலிக்கவில்லை. லோவுக்கோ கணக்கு பலித்தது. 1865 வாக்கில் மானியச் செலவு 6 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கும் கீழே வந்துவிட்டது.

1870-ல் வந்த சட்டம் ஊர்தோறும் பள்ளி வாரியங்கள் அமைக்க வழி செய்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அவை அபராதம் போடலாம், செலவோடு சேர்த்து 5 ஷில்லிங் வரை. 1880-ல் பத்து வயது வரை வருகை நாடு முழுக்கக் கட்டாயமானது. ஆனால் பள்ளிக் கட்டணம் பெரும்பாலான பள்ளிகளில் 1891 வரை போகவில்லை. அதாவது பதினோரு வருடம், பிள்ளையை அனுப்பினால் கட்டணம், அனுப்பாவிட்டால் அபராதம். அந்தப் பிள்ளை வேலைக்குப் போய்க் கொண்டுவந்த சில பென்ஸும் நின்றுபோனது தனி. இதை ஒழுக்கம் என்று சொல்ல நாக்கு கூசத்தான் வேண்டும்.

வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போக வாரியங்கள் ஆள் வைத்தன. லண்டன் சந்துகளில் அவர்களைக் கண்டாலே கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் அவர்களுடைய நோட்டுப் புத்தகங்கள் எதிர்பாராத ஒரு வேலைக்குப் பயன்பட்டன. எந்த வீட்டில் யார், எத்தனை பிள்ளைகள், தகப்பனுக்கு என்ன வேலை எல்லாம் அதில் இருந்தது. 1886-ல் சார்லஸ் பூத் என்ற கப்பல் வியாபாரி அவர்களை உட்கார வைத்து, தெருத்தெருவாக விசாரித்துக் குறித்துக்கொண்டார். லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது ஊரே திடுக்கிட்டது. செருப்பில்லாத பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு அப்போதுதான் ஓர் எண் கிடைத்தது.

லோவின் முறை 1890-களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. வருகைக்கும் காசுக்கும் உள்ள முடிச்சு மட்டும் அவிழவில்லை. இங்கிலாந்தில் காரணமில்லாமல் பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கு 2024 முதல் 80 பவுண்டு அபராதம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிகளுக்கு நிதி போவது சராசரி தினசரி வருகையை வைத்துத்தான்.

லோ போட்ட கணக்கு கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது. சென்னை மாகாணத்திலும் விளைவுக்கேற்ற மானியம் 1860-களில் நடைமுறையாகி, திண்ணைப் பள்ளிக்கூடங்கள் வரை எட்டியது. அதற்கு முன் இங்கே நேரக் கண்டிப்பு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது இதே மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் கேம்பல் 1823-ல் எழுதிய அறிக்கையில் பள்ளிக் காட்சி ஒன்று வருகிறது. காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவது ஆளுக்கு ஒரு சுழி, பாராட்டும் இல்லை திட்டும் இல்லை. மூன்றாவதுக்கு லேசாக ஓர் அடி, நாலாவதுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பிள்ளையின் கை என்ன ஆகியிருக்கும்! கொடுமைதான். ஆனால் அந்த அடியால் அரசாங்கத்திடமிருந்து யாருக்கும் காலணா வந்ததில்லை.

இந்திய அரசின் 1904 கல்வித் தீர்மானத்தோடு விளைவுக்கேற்ற மானியம் இங்கும் விடைபெற்றது. பிள்ளைகள் வராத பிரச்சினை அப்படியே இருந்தது. 1920-ல் சென்னை மாநகராட்சி வேறு மாதிரி யோசித்தது. தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட முடிவானது. செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் வந்தார்கள், திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க அரசாங்கம் அனுமதி மறுத்ததால் 1925 ஏப்ரலில் அது நின்றுபோனது. மாநிலம் முழுக்க மதிய உணவு வர, 1956-ல் காமராஜர் அதைக் கையில் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.