ஈயத்தில் ஒரு பேய்ப்படை

பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் 43 ஈய உருவங்கள் கிடந்தன. கையும் காலும் முழுதாக இருந்தவை ஒன்பதுதான். மேற்கு லண்டனில் ஞாயிறு காலைகளில் கூடும் கார் பூட் சந்தையில், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பதுபோல விற்றவர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். ஈட்டி முறிந்த கோப்ளின், தலை போன எலும்புக்கூடு, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத பிணந்தின்னி. எல்லாவற்றின் மேலும் யாரோ ஒரு பையன் எண்பதுகளில் அப்பிய தடித்த எனாமல் பெயின்ட். சேகரிப்பவர்கள் இப்படிப்பட்டதைத் தொடமாட்டார்கள். எனக்கு அந்த உடைசல்தான் தேவைப்பட்டது. ஏன் என்பதைச் சொல்ல, இந்தப் பொம்மைகள் இந்த நகரத்துக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

1975இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு ஃபிளாட்டில் இருந்த மூன்று நண்பர்கள், ஜோன் பீக், ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், கேம்ஸ் வேர்க்ஷொப் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் மரத்தில் செய்த விளையாட்டுப் பலகைகள்தான் சரக்கு. பிறகு அமெரிக்காவிலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. பீக்குக்கு அதில் நாட்டமில்லை, விலகிவிட்டார். மற்ற இருவரும் வாடகை வீடு கைவிட்டுப்போன காலத்தில் ஒரு வானுக்குள் படுத்து எழும்பியபடி வியாபாரத்தை நடத்தினார்கள். 1978 ஏப்ரலில் ஹமர்ஸ்மித்தில், டாலிங் வீதி முதலாம் இலக்கத்தில், அவர்களுடைய முதற்கடை திறந்தது. சிறிது காலத்திலேயே அவர்களோடு சேர்ந்து பிரையன் ஆன்செல் என்பவர் நியூவார்க்கில் சிட்டடெல் என்ற வார்ப்புத் தொழிலைத் தொடங்கினார். பெட்டிக்குள் கிடந்தவை அந்தப் பட்டறையின் பிள்ளைகள்.

கதை சொல்லி விளையாடும் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு பொம்மை போதும். பூதங்களோடு சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு. படை வைத்து ஆடினால் ஒவ்வொருவருக்கும் நூறு வேண்டும். 1983இல் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் எழுதிய வார்ஹாமர் என்ற போர் விளையாட்டுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. 1983 என்றால் எங்களுக்கு வேறு ஞாபகம். அந்த ஜூலைக்குப் பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர், கிடைத்த சில்லறையைச் சேர்த்து இந்தக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். நானும் நின்றேன்.

வார்ஹாமர் உலகத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. நடுவில் ஜெர்மனியைப் போல ஒரு பேரரசு, பக்கத்தில் பிரான்சைப் போல ஒரு நாடு, தெற்கே அரேபியாவைப் போல ஒன்று. கிழக்கே வெகுதூரத்தில் இந்த் என்று ஒரு பெயர். பெயர் மட்டும்தான். அதற்கென்று படைப்பட்டியல் வரவில்லை; பொம்மைத் தொகுதியும் வரவில்லை. பத்து வயதில் அந்த வெற்றிடத்தை நான் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ எனக்காக விட்டுவைத்த காணித்துண்டு என்றே நினைத்தேன்.

உண்மையில் லண்டன் ஈயத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 1893இல் வட லண்டனின் ஹோர்ன்சி ரைஸில் இருந்த பிரிட்டன் குடும்பத்தார் பொம்மைப் படைவீரர்களை உட்கூடாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, வெளித்தோல் இறுகிய கணத்தில் மிச்சத்தைத் திரும்பக் கவிழ்த்துவிடுவது. உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. அதுவரை சந்தையை வைத்திருந்த ஜெர்மன் திடப் பொம்மைகள் பின்னுக்குப் போயின. சில வருடங்களிலேயே அவர்களுடைய பட்டியலில் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி சேர்ந்தது. துப்பாக்கி, தலைப்பாகை, கபில நிற முகம். லண்டன் பிள்ளையின் விளையாட்டறையில் சென்னைச் சிப்பாய் விக்டோரியா மகாராணிக்காக அணிவகுத்தான். அவற்றை ஏலங்களில் இன்றும் காணலாம். விலைக்காக மட்டும் நான் அவற்றை வாங்காமல் விட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆக, என் முன் இருந்தவை இரண்டு: பேரரசின் சிப்பாய், அல்லது வரைபடத்தில் ஒரு வெறும் பெயர். மூன்றாவது ஒன்றைத் தேடியபோது பலரும் சொன்னது சோழர் படை. யானை, புலிக்கொடி, கடாரம். தமிழ்ப் பிள்ளைகளின் கணினி விளையாட்டுக் கனவுகளிலும் அதுதான் முதலில் வருகிறது. எனக்கு ஒட்டவில்லை. வெற்றி பெற்றவர்களின் படையைச் செய்யக் கை வரவில்லை.

அப்போதுதான் கலிங்கத்துப்பரணியைத் திரும்ப எடுத்தேன். முதற் குலோத்துங்கனின் காலத்தில், 1110ஐ ஒட்டி, கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படை நடத்தியதைப் பாடிய நூல், செயங்கொண்டார் செய்தது. பள்ளியில் அதை வீரக்காவியம் என்று சொல்லித் தந்தார்கள். நூலைத் திறந்தால் பாதிக்கு மேல் பேய்கள். போர் வராதா, பிணம் விழாதா என்று வயிறு ஒட்டிக் காத்திருக்கும் காளியின் பேய்கள். போர்ச் செய்தியே ஒரு பேயின் வாயால்தான் காளிக்கு வருகிறது. வெற்றியை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வியைச் செயங்கொண்டார் வேண்டுமென்றே போட்டாரா, அல்லது பரணி இலக்கணம் கேட்டதைச் செய்தாரா என்று புலவர்கள் வாதிடட்டும். எனக்கு வேண்டியது 'பேய்களைப் பாடியது' என்ற பகுதி. அதில் நொண்டிப் பேய் இருக்கிறது, கை முடமான பேய் இருக்கிறது, குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், குறட்பேய், கூன் பேய். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊனம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதையும் உண்டு.

என் சப்பாத்துப் பெட்டியில் இருந்த உடைசல் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் இருந்தது.

வேலை தொடங்குவது டெட்டோலில். ஆம், காயத்துக்குப் போடும் அதே டெட்டோல். தண்ணீர் கலக்காமல் ஒரு போத்தலில் ஊற்றி உருவங்களை ஓரிரு நாள் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்துவரும். எனாமல் பிடிவாதம் பிடிக்கும், மறுபடி ஊறவிடவேண்டும். நேரே தண்ணீரில் கழுவக்கூடாது. பெயின்ட் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் இன்னொரு முறை டெட்டோலிலேயே அலசவேண்டும். இதை நான் கற்றது ஐந்து உருவங்களை நாசமாக்கிய பிறகு. உரித்தால் உள்ளே சாம்பல் நிற உலோகம். தொண்ணூறுகளில் கைவிடும்வரை அந்தக் கலவையில் ஈயம் உண்டு. ஆகவே அரம் போட்டால் ஈரம் போட்டே அராவவேண்டும், கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது. ஓக் மர அலுமாரிக்குள் வருடக்கணக்கில் கிடந்தவை வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தைத் தின்பதால் வருவது அது. அப்படி வந்தவற்றை அழுகிய பிணம் என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு வெட்டி ஒட்டுதல். நகைத் தொழிலாளர் பாவிக்கும் மெல்லிய வாளால் கையை அறுத்து, கையால் சுற்றும் சின்னத் துளைகருவியால் இரண்டு பக்கமும் துளையிட்டு, பித்தளைக் கம்பியை ஆணியாக இறக்கிப் பசை போடுவது. இடைவெளியை மூடுவதற்கு நீலமும் மஞ்சளுமாக வரும் எபொக்சிக் களிம்பு, பிசைந்தால் பச்சை. பருமனான வேலைக்கு வேல்ஸ் நாட்டு மில்லிபுட். ஐரோப்பிய எலும்புக்கூட்டைப் பரணிப் பேயாக்குவதற்கு வயிறுதான் முக்கியம். முதுகோடு ஒட்டிய வயிறு, தொங்கும் முலை, பனைபோல நீண்ட கால். முன்மாதிரிக்குக் காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனிப் படங்களை மேசையில் வைத்துக்கொண்டேன். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறாரே, அவர். பொலநறுவையில் கிடைத்த இன்னொருவர் கொழும்பில் இருக்கிறார். சுவாமிமலை முறையில் மெழுகு உருகிப்போகும், மண் அச்சை உடைத்தால்தான் சிலை வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. சிட்டடெல் வார்ப்பு வேறு. வட்டமான ரப்பர் அச்சைச் சுழற்றி உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரே முகம் ஆயிரம் வரும். அறுத்து ஒட்டிய பிறகு அந்த ஆயிரத்தில் ஒன்று எனக்கு மட்டும் உரியதாகிறது. கை வலிக்கும்போது இந்தக் கணக்கு ஆறுதலாக இருந்தது.

விதிகளுக்குக் கோப்ளின் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு குணம் உண்டு: பகடை தவறி விழுந்தால் பக்கத்து அணியோடு தங்களுக்குள்ளேயே அடிபடும். பசித்த பேய்களுக்கு இதைவிடப் பொருந்துவது கிடையாது.

மந்திரவாதியைத் தேடவேண்டியிருக்கவில்லை. பரணியில் 'இந்திரசாலம்' என்று ஒரு பகுதி. காளிக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிய முதுபேய் ஒன்று அங்கே மாயம் கற்றுத் திரும்பி வந்து, காளியின் முன்னால் ஒரு போர்க்களத்தைத் தோற்றுவிக்கிறது. அறுந்த துதிக்கைகள், இரத்த ஆறு. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளி வாயில் போடுகின்றன. வாயில் ஒன்றுமில்லை. விழுந்து எழும்பி, வெறும் வாயை மென்று, இதை நிறுத்தச் சொல்லும் என்று காளியிடம் கெஞ்சுகின்றன. மேசைப் போரைப் பற்றி இதைவிடச் சரியான பகுதியை நான் வாசித்ததில்லை. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பிரிட்டன் பொம்மைகளை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக்கினார். உண்மைப் போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல், போர் கேட்டுத் துடிக்கும் ஆட்களை ஒரு மண்டபத்தில் விட்டு இதை ஆடச் சொல்லலாம் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடம் ஓகஸ்டில் ஐரோப்பா பற்றியெரிந்தது. வெல்ஸ் மாயக்களம் பசியை ஆற்றும் என்று நம்பினார். செயங்கொண்டாரின் பேய்கள் அப்படிச் சொல்லவில்லை.

படையின் நடுவில் வைப்பதற்கு எனக்கு ஒரு பெரிய காட்சி வேண்டியிருந்தது. பரணி முடிவது கூழில்: களத்திலேயே பேய்கள் பானை ஏற்றிப் பிணத்தைக் கூழாகக் காய்ச்சி, பாட்டுப் பாடி, எல்லோருக்கும் பங்கிடுகின்றன. வாய் பேசாத ஊமைப் பேய் கையால் தன் பசியையும் பானையையும் காட்டிக் கேட்கும். அதற்கும் வார்க்கச் சொல்கிறது பாட்டு. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவனுக்குப் பானையைச் சுற்றிக் குந்தியிருக்கும் கூட்டத்தைச் செய்ய முன்மாதிரி வேண்டியதில்லை. 60 மில்லிமீற்றர் வட்டப் பீடம் ஒன்றை வெட்டி, அடுப்புக் கற்களையும் வைத்துவிட்டேன்.

அது ஒரு ஏப்ரல். அடுத்த மாதம் 18ஆம் திகதி லண்டனில் ஒரு நினைவுநாளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி தந்தார்கள். 2009இல் போரின் கடைசி மாதங்களில் அங்கே அகப்பட்டிருந்த சனத்துக்குக் கிடைத்த அதே கஞ்சி: அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. அதற்காக வரிசையில் நின்றவர்கள் மேல் ஷெல் விழுந்தது. கோப்பையை வாங்கிய கையில் இரண்டு நாளைக்கு முன் பிசைந்த பச்சைக் களிம்பு நகத்துக்குள் இருந்தது.

அம்மா என் மேசைப் பக்கம் அதிகம் வருவதில்லை. "வீட்டுக்குள்ள பேயைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறான்" என்று மாமிமாருக்குத் தொலைபேசியில் சொல்வதோடு சரி. அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு வந்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். நொண்டிப் பேயை விரல் நுனியால் தூக்கி, ஒட்டிய வயிற்றைப் பார்த்து, அப்படியே வைத்தார்.

"இதுகளுக்கு ஒருத்தரும் சாப்பாடு குடுக்கேல்லையோ?"

"இல்லை அம்மா. காத்துக்கொண்டிருக்குதுகள்."

"என்னத்துக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது படையில் 61 உருவங்கள். வேறு பெட்டிகளிலிருந்தும் சேர்ந்துவிட்டன. நான்கு ஆட்டங்கள் ஆடி மூன்றில் தோற்றிருக்கிறேன். பெரும்பாலும் பேய்கள் தங்களுக்குள் அடிபட்டதால். எதிராளிகள் முதுபேயைப் பார்த்து யார் செதுக்கியது, எந்த ஆண்டு வார்ப்பு என்று கேட்பார்கள். தலை எண்பதுகளின் மந்திரவாதி, உடம்பு இரண்டு எலும்புக்கூடுகள் என்பேன். வட்டப் பீடத்தில் அடுப்புக் கற்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. பானை செய்யவில்லை. கையை நீட்டிய ஊமைப் பேயை அதன் பக்கத்திலிருந்து எடுத்து முதல் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.