கணினி உரைதிருத்திகளில் வரியிணைப்பு: ஒரு வரலாற்று ஆய்வு

இரு சொற்கள் கூடுமிடத்தில் நிலைமொழியீறும் வருமொழிமுதலும் எவ்வெவ்வாறு வேறுபடும் என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியில் விரித்துரைத்தார். கணினியில் உரையைத் திருத்துவதற்கென அமைந்த கருவிகளிலும் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்க ஒரு செயல் உண்டு. ஒரு வரியின் ஈற்றோடு அடுத்த வரியின் முதலைச் சேர்த்து இரண்டையும் ஒரு வரியாக்கும் வரியிணைப்புக் கட்டளையே அது. ஒரு விசையைத் தட்டிய அளவில் நிகழ்ந்துவிடுவதாயினும், அவ்விணைப்பிடத்தில் எது கெடவேண்டும், எது தோன்றவேண்டும் என்னும் வினாவுக்கு அதனை இயற்றியோர் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றை ஆராய்ந்து, தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றிப் பதிப்பிப்போர்க்கு அதனால் விளையும் பயனை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கட்டளை தோன்றிய காரணம்

1965, 1966 ஆம் ஆண்டுகளில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்லர் லாம்ப்சன், பீட்டர் டாய்ச் ஆகியோர் க்யூஇடி என்னும் உரைதிருத்தியை இயற்றினர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன் அதனை வேறு கணினிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்து, எழுத்துக் கோலங்களைக் கொண்டு தேடும் முறையையும் அதனுட் புகுத்தினார். யுனிக்ஸ் இயங்குதளத்தை அவர் 1969 இல் உருவாக்கத் தொடங்கியபோது, க்யூஇடியைச் சுருக்கி ஈடி என்னும் சிறு திருத்தியை ஆக்கினார். திரையின்றித் தாளில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறிகளே அந்நாளில் பெரிதும் வழங்கின. ஆதலின் பயன்படுத்துவோர் வரியெண்ணையும் ஓரெழுத்துக் கட்டளையையும் தட்டித் தம் கருத்தைத் தெரிவித்தனர்.

ஈடியில் வரி என்பதே அடிப்படை அலகு. தேடல், நீக்கல், மாற்றல் ஆகிய யாவும் வரிகளின்மேல் நிகழ்வன. ஒரு வரியின் இடையே வரிமுறிக்குறியைப் புகுத்தி அதனை இரண்டாக உடைக்க மாற்றுக் கட்டளையே போதும். ஆயின் அதே கட்டளையால் இரண்டு வரிகளை ஒன்றாக்குதல் இயலாது. தேடற்கோலம் ஒரு வரிக்குள்ளேயே நின்றுவிடுதலின், வரியீற்றிலுள்ள முறிக்குறி அதன் கைக்கு எட்டுவதில்லை. உடைத்தற்கு வழி இருந்தும் சேர்த்தற்கு வழி இன்மையின், சேர்த்தலுக்கெனத் தனிக் கட்டளை வேண்டியதாயிற்று. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் ஈடியில் சிற்றெழுத்து ஜே என்பது இக்கட்டளையாக விளங்கக் காண்கிறோம்.

அதன் இயக்கம் மிக எளியது. வரிகளின் உரை ஒரு தற்காலிகக் கோப்பில் இருக்கும். அவ்வரிகளின் இருப்பிடங்களைக் காட்டும் பட்டியல் மட்டும் நினைவகத்தில் இருக்கும். கட்டளை பெற்றவுடன், குறித்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓர் இடைத்தாங்கியில் படியெடுக்கப்படும். தொகுத்த வரி புதிதாக எழுதப்பட்டு, பட்டியலில் முதல் வரியின் இடத்தைப் பெறும்; ஏனைய வரிகளின் இடங்கள் நீக்கப்படும். இடைத்தாங்கியின் அளவு 512 எழுத்துக்களே ஆதலின், அதனைக் கடந்து நீளும் இணைப்பை ஈடி மறுத்து ஒரு வினாக்குறியை மட்டும் அச்சிடும். இணைப்பிடத்தில் முறிக்குறி கெடுதலன்றி வேறொன்றும் நிகழ்வதில்லை. இலக்கணக் குறியீட்டால் கூறின் இது கெடுதல் ஒன்றே உடைய புணர்ச்சி எனலாம்.

2. இடைவெளி தோன்றிய வரலாறு

ஈடியின் விடை நிரல் எழுதுவோர்க்குப் போதியதாயினும் உரைநடை எழுதுவோர்க்குப் போதியதன்று. ஆங்கில உரையில் வரியீற்றில் நின்ற சொல்லும் அடுத்த வரியின் முதற்சொல்லும் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டன. இலண்டன் குயின் மேரிக் கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் ஈடியைத் திருத்தி எம் என்னும் கருவியை ஆக்கியிருந்தார். அவர் 1976 இல் பெர்க்கிலிக்கு வந்தபோது அதனைக் கண்ட பில் ஜாய், சக் ஹேலியுடன் சேர்ந்து அதனை மேலும் வளர்த்தார். அம்முயற்சியின் பயனாக 1978 இல் எக்ஸ் என்னும் திருத்தியும், 1979 இல் அதன் திரைவடிவமாகிய வீஐ என்பதும் பெர்க்கிலி வெளியீடுகளில் இடம்பெற்றன.

எக்ஸ் திருத்தியில் வரியிணைப்புக்கு விதிகள் வகுக்கப்பட்டமை இவ்வரலாற்றின் திருப்பம் என்பது எம் கருத்து. இணைப்பிடத்தில் குறைந்தது ஓர் இடைவெளி தோன்றும் என்பது பொதுவிதி. முதல் வரி முற்றுப்புள்ளியில் முடியின் இரண்டு இடைவெளிகள் தோன்றும் என்பதும், வருவரி மூடும் பிறைக்கோட்டில் தொடங்கின் இடைவெளி தோன்றாது என்பதும் சிறப்புவிதிகள். வரியீற்றில் இடைவெளி முன்னரே இருப்பின் வருவரியின் முதலிலுள்ள இடைவெளி கெடும். வாக்கியமுடிவில் இரண்டு இடைவெளி விடுதல் ஆங்கிலத் தட்டச்சாளரின் வழக்கம். அவ்வழக்கமே ஈண்டு விதியாயிற்று. இவ்விதிகளை வேண்டாதார் கட்டளையோடு வியப்புக்குறி சேர்த்து ஈடியின் பழைய இணைப்பைப் பெறலாம். பொதுவிதி கூறிப் புறனடையும் வகுத்த இம்முறை நம் இலக்கண நூலாரின் நெறியோடு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

வீஐயில் பேரெழுத்து ஜே இவ்விணைப்பைச் செய்யும். அதன்முன் எண் தட்டின், அவ்வெண் இணையும் வரிகளின் தொகையைக் குறிக்குமேயன்றி இணைப்புக்களின் தொகையைக் குறிப்பதன்று. மூன்று என்னும் எண்ணால் மூன்று வரிகள் ஒன்றாகும். அங்கு நிகழ்வன இரண்டு இணைப்புக்களே. ஆகவே எண்ணின்றித் தட்டுதலும் இரண்டு என எண்ணிட்டுத் தட்டுதலும் ஒரே பயனைத் தரும்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1985 இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் வேறொரு நெறியைப் பின்பற்றிற்று. அதில் வரிமுறிக்குறியும் பிற எழுத்துக்களைப்போல ஓர் எழுத்தே ஆதலின், அதனை நேரே அழித்தும் வரிகளை இணைத்தல் கூடும். எனினும் இடைவெளியைச் சீர்செய்யத் தனிக் கட்டளை ஒன்று அதிலும் உண்டு. வீஐ அடுத்த வரியைத் தன்பால் ஈர்க்க, ஈமாக்ஸின் கட்டளையோ நிற்கும் வரியை முந்தைய வரியோடு சேர்க்கும். திறக்கும் பிறைக்கோட்டின் பின்னும் மூடும் பிறைக்கோட்டின் முன்னும் அது இடைவெளி விடுவதில்லை.

3. நெடுவரிகளும் செயல்முறையும்

நினைவகம் பெருகியபின் வரியின் நீளத்துக்கு இருந்த வரம்பு நீங்கிற்று. ஆயினும் வேறொரு சிக்கல் எழுந்தது. பல வரிகளை இணைக்குங்கால், முதல் இரண்டை இணைத்து, அவ்விளைவோடு மூன்றாவதை இணைத்து, இவ்வாறே தொடர்ந்து செல்லுதல் எளிய வழி. இவ்வழியில் முன்னர்ச் சேர்ந்த பகுதி மீண்டும் மீண்டும் படியெடுக்கப்படும். 50 எழுத்துக்கள் கொண்ட 1000 வரிகளை இங்ஙனம் இணைப்பின் ஏறத்தாழ இரண்டரைக் கோடி எழுத்துப் படியெடுப்புக்கள் நிகழும். வேண்டுவனவோ 50,000 மட்டுமே. பிராம் மூலனார் 1991 இல் முதன்முதல் வெளியிட்ட விம் என்னும் திருத்தியின் இன்றைய நிரல் இக்குறையைத் தவிர்க்கின்றது. ஒவ்வோர் இணைப்பிடத்திலும் எத்தனை இடைவெளி வேண்டும் என்பதை முதற்சுற்றில் கணக்கிட்டு, மொத்த நீளத்தை அறிந்து, அவ்வளவு இடத்தை ஒரேமுறை ஒதுக்கிக்கொண்டு, பின்னரே எழுத்துக்களை அது நகர்த்துகின்றது. விதியைத் தீர்மானிக்கும் பகுதியும் செயலை முடிக்கும் பகுதியும் இவ்வாறு வெவ்வேறாகப் பிரிந்து நிற்றல் கற்போர் கருதத்தக்கது.

4. தமிழ் உரையும் வரியிணைப்பும்

மேற்கூறிய விதிகள் யாவும் வரியீறு சொல்லின் ஈறாகவே இருக்கும் என்னும் கொள்கையின்மேல் எழுந்தன. சீனமும் சப்பானியமும் சொற்களிடையே இடைவெளி விடாமல் எழுதப்படுவன ஆதலின், அவற்றுக்கு இக்கொள்கை பொருந்தவில்லை. ஆதலால் விம் திருத்தியில் எம், பி என்னும் இரு விருப்பக் குறிகள் அமைக்கப்பட்டன. பி என்பதை ஏற்பின், இணைப்பிடத்தின் இருபுறமும் பல பைட்டுகளால் ஆன எழுத்து நிற்கும்போது இடைவெளி தோன்றாது. எம் என்பதை ஏற்பின், ஒருபுறம் அத்தகைய எழுத்து நிற்பினும் தோன்றாது.

ஈண்டுத்தான் தமிழர்க்கு இடர் நேர்கின்றது. யுனிகோடில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளை இடமாகக் கொள்வதால், நிரல் நோக்கில் தமிழும் சீனமும் ஒரே இனமாய் அடங்கிவிடுகின்றன. தமிழோ சொற்களிடையே இடைவெளி விட்டு எழுதப்படுவது. பிறர் தம் மொழிக்கென அமைத்த விருப்பங்களைத் தமிழ் உரைக்கும் அப்படியே ஏற்பார், வரியீற்றில் இடைவெளி முன்னரே இருந்தாலன்றி, இணைப்பிடந்தோறும் இரு சொற்கள் ஒட்டி நிற்கக் காண்பர்.

விருப்பங்களை நீக்கினும் இடர் முற்றும் நீங்குவதில்லை. தமிழ் அச்சு நூல்களில் இணைகோடு இடாமலே சொல்லை வரியீற்றில் முறித்து எஞ்சியதை அடுத்த வரியில் அமைக்கும் வழக்கம் பெரிதும் உண்டு. செய்யுளிலோ, சீர் நோக்கிச் சொல்லைப் பிரிக்கும் வகையுளியால் ஓரடியின் ஈற்றில் தொடங்கிய சொல் மறுஅடியில் முடிதலும் காணலாம். வரியீற்றில் 'பல' என்றும் வரிமுதலில் 'கை' என்றும் ஒரு பதிப்பில் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளியிட்டு இணைப்பின் 'பல கை' என்றும், இடாமல் இணைப்பின் 'பலகை' என்றும் ஆகும். இரண்டும் பொருளுடைய தமிழே. எது ஆசிரியர் கருத்து என்பதை எந்தக் கட்டளையும் அறியாது. பிழையான இணைப்பு, பொருளற்ற சொல்லாயின் மெய்ப்புப் பார்ப்போர் கண்ணுக்குப் படும். பொருளுள்ள சொல்லாயின் பாடவேறுபாடு என்னும் பெயரில் நூலுள் நிலைத்துவிடவும் கூடும். பின்வரும் ஆராய்ச்சியாளர் அதனை ஏட்டுப் பாடமென்றே கருதி முடிபு கூற நேரின், அதன் தீமை பெரிதாம்.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ஈடி கெடுதலையும், எக்ஸும் வீஐயும் தோன்றலையும், விம் மொழியின் எழுத்துமுறைக்கேற்ப இரண்டையும் விதித்தமை பெறப்படும். இவற்றுள் எதுவும் பொருள் நோக்கி விதித்ததன்று. ஈற்றெழுத்தையும் முதலெழுத்தையும் மட்டுமே நோக்கி விதித்தன. வரியிணைப்பில் பொருள் நோக்கும் கடமை பதிப்பாசிரியர்க்கே உரியது.

ஆதலின் அச்சுநூலைக் கணினியில் ஏற்றும் மாணாக்கர் மூலத்தின் வரியமைப்பை முதலில் அவ்வாறே காத்தல் வேண்டும். சொல் முறிந்த வரியீறுகளில் நூலில் வேறெங்கும் வாராத ஒரு குறியை, மூலத்தை நோக்கியே இட்டுவருதல் வேண்டும். அதன்பின் குறியுள்ள வரிகளைக் குறி நீக்கி இடைவெளியின்றியும், ஏனையவற்றை இடைவெளியோடும் இணைக்கலாம். வரி காத்த முதற்படியை அழிக்காது வைத்திருத்தலும் இன்றியமையாதது. ஐயம் எழுங்கால் மூலத்தில் எவ்விடத்தில் வரி முறிந்தது என்பதைக் காட்டும் சான்று அதுவே.