மோகன் பகான்: பெயரை மீட்ட கதை

ஏற்காட்டுப் பக்கம் காப்பி எஸ்டேட்டுகள் பல கை மாறியிருக்கின்றன. புது முதலாளி வாசலில் புதுப் பலகை மாட்டுவார். ஆனால் பழம் பறிக்கப் போகிறவர்கள் வாயில் பழைய பெயர்தான் இருக்கும். பத்திரம் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம். இந்த வழக்கு நம் மலையோடு நிற்கவில்லை. கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்துக் கிளப்பிலும் அண்மையில் இதுதான் நடந்தது.

அந்தக் கிளப் தொடங்கியது 1889 ஆகஸ்ட் 15. அந்தத் தேதிக்கு வேறொரு பெருமை வர இன்னும் 58 ஆண்டுகள் இருந்தன. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. ஆக, நம் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்த மனிதர்தான்.

கிளப்பின் பெயரை நாடறியச் செய்தது 1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் எதிரே நின்றது ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளம். மோகன் பகான் ஆட்டக்காரர்களில் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். முதல் கோலைப் பட்டாளம் போட்டது. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். மைதானத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைச் சொன்னார்களாம். ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி அதுதான். ஜூலை 29 இன்றும் ‘மோகன் பகான் தினம்’.

தமிழ்நாட்டுக்கும் கொல்கத்தா கால்பந்துக்கும் உறவு உண்டு. நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியில் வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி, மோகன் பகான் ஆட்டக்காரர்.

இப்பேர்ப்பட்ட பெயருக்குப் பணத்தால் சோதனை வந்தது. 1998-இல் ஒரு மதுபான நிறுவனம் பாதிப் பங்கு வாங்கி, தன் சரக்கின் பெயரை முன்னால் ஒட்டியது. ‘மெக்டவல் மோகன் பகான்’ ஆயிற்று. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது புதிதாக முளைத்த அணிகளுக்குத்தான் மவுசு. பழைய கிளப்புகள் ஐ-லீக்கில் ஒதுங்கி நின்றன. 2019-இல் சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் நிலைப் போட்டி என்று முடிவானதும், அதில் சேராவிட்டால் எதிர்காலம் இல்லை என்றாகிவிட்டது. சேரப் பணம் வேண்டும்.

2020-இல் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கை வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்ற அணி இருந்தது, 2014-இல் பிறந்தது. இரண்டையும் சேர்த்து ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்றார்கள். பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த சட்டை தப்பியது, பாய்மரப் படகுச் சின்னமும் தப்பியது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் பெயர், 131 வயதுக் கிழவரின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

ரசிகர்கள் விடவில்லை. ‘ஏ.டி.கே.யை எடு’ என்று பதாகை பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். மூன்றாண்டு இப்படிப் போனது. 2023 மார்ச் 18, கோவாவில் சூப்பர் லீக் இறுதிப் போட்டி. பெங்களூரு அணியோடு 2-2 சமன், பெனால்டியில் 4-3 வெற்றி. அன்று இரவே கோயங்கா அறிவித்தார்: அடுத்த பருவத்திலிருந்து ஏ.டி.கே. இருக்காது, ‘மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்’ என்றே இருக்கும். அந்தப் பெயரில் ஆடி, அதே செப்டம்பரில் டுராண்ட் இறுதியில் பரம எதிரி ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வென்றார்கள்.

கடல் கடந்தும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் கவுண்டி என்ற சின்னக் கிளப், 1912-இல் தோன்றியது. 1981-இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றில் கால் இறுதி வரை போனது. 1989-இல் கடனில் மூழ்கிக் கடையைச் சாத்தியது. ரசிகர்களே பணம் போட்டு நியூபோர்ட் ஏ.எஃப்.சி. என்று புதிதாகத் தொடங்கினார்கள். சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் முதல் பருவத்தை இங்கிலாந்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆடினார்கள். 1999-இல் பழைய பெயரை மீட்டார்கள். 2013-இல் இழந்த லீக் இடத்தையும் பிடித்தார்கள். அங்கே கிளப் செத்ததால் பெயர் போனது. இங்கே கிளப் பிழைப்பதற்காகப் பெயரை அடகு வைத்தார்கள். மீட்டது இரண்டு இடத்திலும் ரசிகர்கள்தான்.

கொல்கத்தாவில் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ‘சூப்பர் ஜெயன்ட்’ என்பதும் அதே முதலாளியின் முத்திரைதான். அவருடைய லக்னோ கிரிக்கெட் அணிக்கும் அதே வால் உண்டு. பெரும்பங்கும் அவரிடமே இருக்கிறது. அவர் பணம் இல்லாமல் அந்தக் கோப்பைகளும் வந்திருக்காது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் பாருங்கள். முன்னால் நின்ற பெயர் போய், இப்போது பின்னால் ஒரு வால் மட்டும் இருக்கிறது. கூப்பிடுகிறவர்கள் வாலை விட்டுவிட்டு மோகன் பகான் என்றே கூப்பிடுவார்கள். நம் எஸ்டேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.