ஹெல்சிங்கியின் 10 கோல்கள்: தோற்கும் அணியின் பயிற்சியாளரை என்ன செய்வது?

2024 ஜூன் 17 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சைப் பணிநீக்கம் செய்தது. அதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர் தோஹாவில் கத்தாரிடம் 1-2 எனத் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் மூன்றாம் சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பை இந்தியா இழந்திருந்தது. பந்து ஆடுகளத்தை விட்டு வெளியேறிய பிறகு அடிக்கப்பட்ட ஒரு கோல் அந்த ஆட்டத்தில் கத்தாருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் நடுவரின் பிழையை எவரும் நீண்டநாள் பேசவில்லை. பேச்செல்லாம் பயிற்சியாளரைப் பற்றியதாகவே இருந்தது. அவருக்குப் பின் வந்தவரும் ஓராண்டில் விலகினார். அவரை அடுத்து வந்தவரைப் பற்றியும் இப்போது அதே கேள்வி எழுந்திருக்கிறது: இவரை வைத்திருப்பதா, அனுப்புவதா?

இக்கேள்வியை இந்தியக் கால்பந்து முன்பும் சந்தித்திருக்கிறது. அப்போது கிடைத்த விடை இன்றைய விவாதத்தில் அரிதாகவே நினைவுகூரப்படுகிறது. அதனைச் சற்று விரிவாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1952 ஜூலை 15, ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அகமது கான் அடித்தார். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஓராண்டுக்கு முன்புதான், 1951இல், புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்ற அணி அவருடையது. இன்றைய அளவுகோல்களின்படி, ஹெல்சிங்கியிலிருந்து திரும்பும் பயணத்திலேயே அவருடைய பதவி பறிபோயிருக்க வேண்டும்.

அந்தத் தோல்வியின் காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம். முதலாவது, எதிரணியின் வலிமை. யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது. இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியிடம் மட்டுமே தோற்றது. இரண்டாவது, காலணி. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். வடக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான தரை அவர்களுக்கு முற்றிலும் அந்நியம். மூன்றாவது, ஆட்டநேரம். அக்காலத்தில் இந்திய உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடங்களே ஆடப்பட்டன. பன்னாட்டுப் போட்டியில் எஞ்சிய 20 நிமிடங்களுக்கான உடல்திறன் நம் வீரர்களுக்குப் பழக்கத்தால் வாய்த்திருக்கவில்லை. இம்மூன்றில் எதுவும் ரஹீம் தனியொருவராக உண்டாக்கியதன்று. அவர் மட்டுமே மாற்றிவிடக் கூடியதும் அன்று.

கூட்டமைப்பு அப்போது செய்த செயல் குறிப்பிடத்தக்கது. ஹெல்சிங்கிக்குப் பின்னர் வீரர்கள் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அதாவது, தோல்விக்குப் பின் ஒரு விதி மாறியது. ரஹீமோ 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1962 ஜகார்த்தா ஆகிய மூன்று பெரும்போட்டிகளுக்கும் மீண்டும் அழைக்கப்பட்டார்.

மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் எதிர்கொண்டது அதே யூகோஸ்லாவியாவை. முதல் கோலை அடித்தது இந்தியாதான். இறுதியில் 1-4 எனத் தோற்றாலும், நான்கே ஆண்டுகளில் 1-10 என்பது 1-4 ஆகியிருந்தது. ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் முன்னிலையும் கிட்டியிருந்தது. கோப்பைக் கணக்கில் இது தோல்வி. கற்றலின் கணக்கில் இதைவிடத் தெளிவான முன்னேற்றம் இருக்க முடியாது.

1962 ஜகார்த்தாவிலும் இதே போக்கைக் காணலாம். ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். ஒரு கோலை அவர் அடித்தார், மற்றொன்றை பி.கே. பானர்ஜி அடித்தார். அப்போது ரஹீம் புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். 1963 ஜூன் 11 அன்று காலமானார்.

பொறுமை காத்தால் பலன் உண்டு என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் அது பிழையான சுருக்கம். ரஹீம் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர். 1943 முதல் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். அவருடைய போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. துளசிதாஸ் பலராம், அசீசுதீன், நூர் முகம்மது எனத் தேசிய அணியின் முக்கிய வீரர்கள் பலர் ஹைதராபாத் கால்பந்திலிருந்து வந்தவர்கள். தேசிய அணியின் பயிற்சியாளர் பதவி போட்டிக்குப் போட்டி முடிவு செய்யப்பட்ட காலம் அது. ரஹீமின் உண்மையான தொடர்ச்சி ஹைதராபாத்தில் இருந்தது. ஆண்டு முழுவதும் வீரர்களைப் பழக்கவும், புதிய ஆட்டமுறைகளைச் சோதிக்கவும், பிழைகளைத் திருத்தவும் அவருக்கு அங்கே ஒரு களம் இருந்தது. ஒரு பயிற்சியாளரை வைத்திருப்பது என்பதன் பொருள், அத்தகைய களத்தை அவருக்கு அளிப்பதுதான். களம் இல்லாமல் பதவியை மட்டும் நீட்டிப்பது பொறுமை ஆகாது.

சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி: ரஹீம் மறைந்த அதே 1963இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆஸ்கர் கிரஸ்கி, 16 தொழில்முறை பேஸ்பால் அணிகளின் தரவுகளைக் கொண்டு, மேலாளர்களை அடிக்கடி மாற்றும் அணிகளே மோசமாக ஆடுகின்றன என்ற தொடர்பைச் சுட்டிக்காட்டினார். மாற்றம் தோல்வியை உண்டாக்குகிறதா, தோல்வி மாற்றத்தை உண்டாக்குகிறதா? மறு ஆண்டே கேம்சன், ஸ்காட்ச் ஆகிய இருவர் மூன்றாவது விளக்கமொன்றை முன்வைத்தனர். மேலாளரால் ஆட்டத்தின் முடிவில் பெரிய வேறுபாட்டை உண்டாக்க முடிவதில்லை. அவரை நீக்குவது கோபம் கொண்ட ரசிகர்களுக்காக நிகழ்த்தப்படும் ஒரு பலிச்சடங்கு என்றனர். பின்னாளில் நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், 1986 முதல் 2004 வரையிலான டச்சுக் கால்பந்து லீக்கை ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளுடன் ஒப்பிட்டார். இருவகை அணிகளும் ஏறத்தாழ ஒரேபோல மீண்டெழுந்தன. சரிவின் அடித்தளத்தில் இருக்கும் அணி பெரும்பாலும் தன் இயல்பான நிலைக்குத் தானே திரும்பும். அந்த நேரத்தில் புதியவர் வந்து சேர்ந்திருப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இந்திய சூப்பர் லீக் இதற்கு நல்ல சோதனைக்களம். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ், 12 ஆட்டங்களில் 11 புள்ளிகளே பெற்ற நிலையில் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. எஞ்சிய 12 ஆட்டங்களில் அவ்வணி 18 புள்ளிகள் பெற்றது. நீக்கம் பலித்தது என்பர் சிலர். ஆனால் பருவத்தின் முடிவில் 13 அணிகளில் அது எட்டாம் இடத்தில் நின்றது. முந்தைய மூன்று பருவங்களிலும் அடைந்த பிளே-ஆஃப் சுற்றை அடையவில்லை. நார்த்ஈஸ்ட் யுனைடெட் 2021 ஜனவரியில் ஜெரார்ட் நூஸை அனுப்பிவிட்டு காலித் ஜமீலைப் பொறுப்பில் அமர்த்தியது. லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் அவர் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த பருவத்தில் அதே கழகம், அதே பயிற்சியாளர். 11 அணிகளில் பத்தாம் இடம். ஓராண்டில் ஒருவரின் அறிவு கூடிக் குறைந்துவிடுவதில்லை.

மறுதரப்புக்கு வலுவான சான்றும் உண்டு. அதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. சென்னையின் எஃப்.சி. 2018இல் ஜான் கிரிகரியின் கீழ் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் கடைசி இடம். கழகம் அவரை வைத்துக்கொண்டது. 2019-20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளே கிடைத்த நிலையில் அவர் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். அடுத்த 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள், நான்காம் இடம், பின்னர் இறுதி ஆட்டம். அங்கே ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றது. நெரியஸ் வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ ஆகிய முதன்மை வீரர்கள் கிரிகரியின் காலத்திலேயே சேர்க்கப்பட்டவர்கள். வீரர்கள் அவர்களே, ஆட்டமுறை மாறியது, பலன் மாறியது. கையில் திறன் இருந்தும் அது வெளிப்படாதபோது பயிற்சியாளர் மாற்றம் உண்மையான தீர்வாகலாம் என்பதற்கு இதுவே சான்று. அதுபோலவே, அலெக்ஸ் ஃபெர்குசன் 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து 1990இல்தான் முதல் கோப்பையை வென்றார் என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். பொறுமை காட்டப்பட்டும் தோற்றுப்போனவர்களின் பெயர்களை எவரும் சொல்வதில்லை. தப்பிப் பிழைத்தவர்களைக் கொண்டு மட்டும் விதி வகுக்கலாகாது. ரஹீமுக்கும் இது பொருந்தும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். ஐரோப்பாவில் பருவத்தின் நடுவே பயிற்சியாளரை நீக்குவதற்குக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம் என்னும் அச்சம் பெருங்காரணம். 2014இல் தொடங்கிய இந்திய சூப்பர் லீக்கில் 2024-25 பருவம் வரை மோசமான ஆட்டத்துக்காக எந்த அணியும் இறக்கப்பட்டதில்லை. கடைசி இடத்தில் நிற்பதால் பெரிய இழப்பு இல்லாத ஓர் அமைப்பில் அவசர நீக்கத்துக்கான காரணம் மேலும் மெலிந்துபோகிறது.

இனித் தேசிய அணிக்கு வருவோம். 2023இல் ஸ்டிமாச்சின் அணி முத்தரப்புத் தொடர், கண்டங்களுக்கிடையேயான கோப்பை, தெற்காசியக் கோப்பை என மூன்று பட்டங்களை வென்றது. அக்டோபரில் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் நீக்கம். ஏற்றத்தின் உச்சியில் நீட்டிப்பு, இறக்கத்தின் அடியில் நீக்கம்: இரண்டும் ஒரே பிழையின் இரு தோற்றங்கள். அண்மைய முடிவுகளை மட்டும் பார்த்து எடுக்கப்பட்டவை இரண்டுமே.

அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் எஃப்.சி. கோவாவின் பயிற்சியாளராக இருந்துகொண்டே தேசிய அணியையும் கவனித்தார். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. 2024 ஜூனில் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், தம் நாற்பதாம் வயதில், மீண்டும் அழைக்க நேர்ந்தது. இந்த ஒரு செய்தியே போதும். நம் கழகங்களின் முன்களத்தில் பெரும்பாலும் அயல்நாட்டு வீரர்களே ஆடுகின்றனர். இந்திய முன்கள வீரர் உருவாவதற்கான இடமில்லை. ஸ்டிமாச் அடிக்கப்படாத கோல்களுக்காகப் போனார். கோல் அடிப்பவர்கள் இல்லாத நிலையோ அப்படியே இருந்தது. 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல் மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றுத் தந்தார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோல்வி.

எனவே என் நிலைப்பாடு இது: ஜமீலை வைத்திருக்க வேண்டும், ஆனால் நிபந்தனைகளுடன். ஒரு பயிற்சியாளரை நீக்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும். தோல்விக்கான காரணம் அவருடைய கைக்கு எட்டிய தூரத்தில் இருந்ததா? தோற்கும் விதத்தில், ஹெல்சிங்கியிலிருந்து மெல்போர்னுக்கு நிகழ்ந்ததுபோல, ஏதேனும் மாற்றம் தெரிகிறதா? இவருக்கு மறுக்கப்பட்ட எதை அடுத்து வருபவருக்குத் தரப்போகிறோம்? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாதபோது நீக்கம் வெறும் ஆள்மாற்றமே. சென்னையின் நிகழ்வில் முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை இருந்தது. அதனால் மாற்றம் பலித்தது. தேசிய அணியில் 2024 முதல் இன்றுவரை அந்த விடை கிடைக்கவில்லை.

இவ்விடைகளைக் கூட்டமைப்பு பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களாகிய நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை. ஸ்டிமாச்சின் ஐந்தாண்டுப் பணியிலிருந்து கூட்டமைப்பு என்ன கற்றது என்பதை ஒரு மாணவர் படித்தறிய இன்று வழியில்லை. 1952இல் தோற்றபோது ஒரு விதி மாறியது. அந்த மாற்றத்தை இன்றும் நம்மால் சுட்டிக்காட்ட முடிகிறது. 2024க்குப் பின் பெயர்கள் மட்டுமே மாறியிருக்கின்றன.